வீணை டாட்டூவில் மெட்டும் தந்தியும் தவறியது பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
டாட்டூ ஸ்டுடியோ, சென்னை.

பொருள்: முன்கையில் குத்திய தஞ்சாவூர் வீணை, கொடுத்த படத்திலிருந்து மாறியதும் மை பரவியதும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இடது முன்கையின் உட்புறத்தில், முழங்கைப் பக்கம் குடமும் (வீணையின் உருண்ட அடிப்பகுதி) மணிக்கட்டுப் பக்கம் யாளியும் (முனையில் செதுக்கிய விலங்கு முகம்) வரும்படி ஒரு வீணையைக் குத்துவதற்கு உங்கள் ஸ்டுடியோ ரூ. 9,000 பெற்றுக்கொண்டது. குத்தி எட்டு வாரம் முடிந்து தோல் நன்றாக ஆறிவிட்டது. இனி "ஆறட்டும், பார்க்கலாம்" என்ற பதில் பொருந்தாது.

முன்பணத்தோடு அளவுப் படமும் கொடுத்திருந்தேன். அதில் தந்தியின் நீளம் 12 செ.மீ., மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் சுரம் பிடிக்கும் குறுக்குக் கட்டைகள், 24. ஒரு ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) 12 என்று இரண்டு ஸ்தாயிக்கு 24. வீணை என்றால் அதுதான் கணக்கு. மெட்டுகள் சம இடைவெளியில் வருவதில்லை. குடத்தை நெருங்க நெருங்க இடைவெளி குறுகும். என் படத்தில் முதல் இடைவெளி 6.7 மி.மீ., கடைசி இடைவெளி 1.8 மி.மீ., பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில். கையில் இருப்பதோ 19 மெட்டு, எல்லாம் ஏறக்குறைய 5 மி.மீ. இடைவெளியில், ஏணிப்படி போல. வீணைக்கு மேளம் கட்டும், அதாவது மெட்டு அமைக்கும், ஆசாரி தேன்மெழுகில் ஒவ்வொரு மெட்டையும் சுருதி பார்த்துப் பதிப்பார். ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சுரம் பிசகும். என் கையில் இருக்கும் இந்த வீணையில் தொடக்கப் பாடமான ஒரு சரளி வரிசைகூட வாசிக்க முடியாது.

தந்தியிலும் தவறு. வீணைக்கு ஏழு தந்தி என்பது சரி. ஆனால் மெட்டுகளின் மேல் போவது சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்குதான். தாளத் தந்திகள் மூன்றும் தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்துப் பகுதி) பக்கவாட்டில் தனியே போகும். உங்கள் கலைஞர் ஏழையும் 10 மி.மீ. அகலத் தண்டியின் மேலேயே இழுத்துவிட்டார். மெல்லிய மூன்று ஊசிக் கட்டு பேசியிருக்க, தடித்த ஏழு ஊசிக் கட்டில் குத்தியதால் ஒவ்வொரு கோடும் ஆறியபின் 1 மி.மீ. தடிப்பாகிவிட்டது. குடத்தருகே நடுவில் நான்கு தந்திகள் ஒட்டி ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிகின்றன.

யாளியைச் சுற்றி நீலம் பாரித்த நிழல் ஒன்றும் இருக்கிறது. மை தோலின் நடு அடுக்கில், ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில், நிற்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் தோல் மெல்லியது. அங்கே குத்துபவர் தன் கையின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் ஊசி கொழுப்பு அடுக்கில் இறங்கி மை பரவும். நீங்கள் சொல்லும் இலவச டச்-அப் இதற்கு உதவாது. மேலே கறுப்பு ஏற்றினால் கோடு இன்னும் தடிக்குமே தவிர நிழல் போகாது.

ஸ்டென்சிலை (குத்துமுன் படத்தைத் தோலில் பதிக்கும் தாள்) உள்ளங்கை மேல்நோக்கிய நிலையில், மேசையில் கையை வைத்து ஒட்டினார்கள். முன்கைத் தோல் கை திரும்பும்போது முறுக்கிக்கொள்ளும். ஆளை நிற்கவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஒட்டியிருக்க வேண்டும். இப்போது கையைத் தொங்கவிட்டால் தண்டி வளைந்து நிற்கிறது.

குடத்தில் புள்ளி வைத்து ஏற்றிய நிழல் அழகாக வந்திருக்கிறது. அந்தக் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஆனால் முறையிட்டபோது, "மெட்டை யாருங்க எண்ணிப் பார்க்கப் போறாங்க?" என்று உங்கள் வரவேற்பில் கேட்டார்கள். வீணை பழகியவர் கண் முதலில் போவது மெட்டுக்குத்தான். தினமும் வீணைப் பயிற்சிக்கு உட்காரும்போது என் கண்ணும் அங்கேதான் போகிறது.

எனவே கட்டணம் ரூ. 9,000 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தோல் மருத்துவரிடம் லேசர் மூலம் மையை மங்கவைக்கும் செலவையும் ஏற்க வேண்டும். கறுப்பு மை லேசருக்கு நன்றாக மங்கும், ஆனால் அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டியிருக்கும். மருத்துவரிடம் காட்ட, பயன்படுத்திய மையின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுத்தில் தாருங்கள்.

ரசீது, அளவுப் படம், அளவுகோல் வைத்து எடுத்த புகைப்படங்கள் இத்துடன் உள்ளன. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்