கேட்காததையும் கேட்கவைத்த நேரம்

காட்பாடி

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் ஆயாவும் நலம். உங்கள் அலுவலகத்தில் இசைச் செயலிக்குப் புதிய பகுதிகள் திட்டமிடுகிறார்கள் என்றும், ஆள் வைத்து நிகழ்ச்சி நடத்துவது வீண்செலவு, நேயர் முன்பு கேட்டதை வைத்து அடுத்த பாட்டை இயந்திரமே எடுத்துக் கொடுத்துவிடும் என்று உன் மேலாளர்கள் கருதுகிறார்கள் என்றும் போனில் சொன்னாய். "டிவியில் ஆள் வைத்துப் புது இசையை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிகள் போனால் என்ன நைனா, எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே" என்றும் கேட்டாய். அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் நெடுங்காலம் கேபிள் இணைப்பு நடத்தியவன் நான். எந்தச் சேனல் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது, எதனால் வெளியே போனது என்பதை மொட்டைமாடி வயரிலும் மாதச் சந்தா ரசீதிலும் நேராகப் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் டிவியை விட்டுப் போனது நம் நாட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைச் சேனல் 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கியது. 1986-ல் அவர்கள் '120 மினிட்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் வைத்தார்கள். கல்லூரி வானொலிகளில் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த, விற்பனைப் பட்டியலில் இடம் பிடிக்காத இசைக்குழுக்களுக்கு அங்கே இரண்டு மணி நேரம் கிடைத்தது. விளம்பரக்காரர்கள் விரும்பாத நேரம் என்பதால்தான் அது கிடைத்தது என்றாலும், கிடைத்தது கிடைத்ததுதான். நிர்வானா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' காணொளி 1991-ல் முதன்முதலில் ஒளிபரப்பானது அந்தப் பின்னிரவில்தான். அதன் பிறகே அது பகல் நேரத்துக்கு ஏறி, உலகம் முழுவதும் போனது. அடுத்த ஆண்டே, 1992-ல், அதே எம்டிவி 'தி ரியல் வேர்ல்ட்' என்ற ரியாலிட்டி தொடரைத் தொடங்கியது. ஒரே வீட்டில் சில இளைஞர்களைத் தங்கவைத்துப் படம்பிடிக்கும் நிகழ்ச்சி பாட்டை விட நீண்ட நேரம் ஆட்களை உட்காரவைக்கும் என்று தெரிந்த பின், பாட்டுக்கான இடம் படிப்படியாகக் குறைந்தது. '120 மினிட்ஸ்' 2000-ல் எம்டிவியிலிருந்து எடுக்கப்பட்டு, எம்டிவி 2 என்ற துணைச் சேனலுக்குத் தள்ளப்பட்டு, 2003-ல் நின்றுபோனது. 2011-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள், நிலைக்கவில்லை. பிரிட்டனில் 2025 டிசம்பர் 31-ஆம் தேதி எம்டிவியின் ஐந்து இசைச் சேனல்கள் ஒரே நாளில் மூடப்பட்டன.

அதே பிரிட்டனில் பிபிசியின் 'லேட்டர்' என்ற நிகழ்ச்சி, ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்துவது, 1992-லிருந்து இன்றுவரை நடக்கிறது. புகழ்பெற்றவரும் பெயர் தெரியாதவரும் ஒரே அரங்கில் வட்டமாக நின்று ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வாசிப்பார்கள். அது பிழைத்ததற்குக் காரணம், வீட்டுக்கு வீடு கட்டும் உரிமக் கட்டணத்தில் பிபிசி நடப்பதுதான். அடுத்த வாரத்து விளம்பரத்தை நம்பி அது நடக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள். பின்னால் தூர்தர்ஷனைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1991-ல் ஆசியாசாட் 1 செயற்கைக்கோள் வழியாக ஸ்டார் டிவி வந்தபோது அதில் இருந்த சேனல்களில் எம்டிவியும் ஒன்று. 1994-ல் எம்டிவியும் ஸ்டாரும் பிரிந்தன. அந்த இடத்தில் சேனல் வி வந்தது. 1996-ல் எம்டிவி இந்தியா தனியாக வந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் பன்னிரண்டு பட்டன்களுக்கு மேல் கிடையாது. தூர்தர்ஷன், 1993-ல் வந்த சன் டிவி, நாங்களே போடும் கேசட் படம் என்று இடங்கள் நிரம்பிக்கொண்டே வர, இசைச் சேனலுக்கு ஒரு பட்டனை ஒதுக்குவது என்பது ஒவ்வொரு கேபிள்காரரும் தன் தெருவை மனத்தில் வைத்து எடுக்கவேண்டிய முடிவு. பாகாயத்திலும் சத்துவாச்சாரியிலும் கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருந்த வீடுகள் நிறைய. ஊரிசு கல்லூரி மாணவர்கள் சிலர் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து கேட்பார்கள். நான் அந்தப் பட்டனைக் கடைசிவரை எடுக்கவில்லை. ஒவ்வொரு சேனலையும் வயரில் ஏற்றி அனுப்பும் கருவி மாடுலேட்டர். அதன் முகப்பில் உள்ள திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் முடியளவு நகர்த்தினாலே ஒலி கரகரக்கும். அதனால் இசைச் சேனலின் மாடுலேட்டரை மட்டும் என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று பையன்களிடம் சொல்லிவைத்திருந்தேன். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். பாட்டில் இரைச்சல் வந்தால் பாட்டே இல்லை.

அந்தச் சேனல்களில் எல்லாமே உயர்ந்த இசை என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பகுதி விற்பனைச் சரக்குதான். ஆனால் இடையிடையே, எதிர்பாராத நேரத்தில், சினிமாவைச் சேராத இசை வந்துவிடும். ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட கலோனியல் கசின்ஸ் தொகுப்பை நம் தெருவில் பலர் முதலில் கேட்டது அப்படித்தான். காணொளி தொடங்கும்போதும் முடியும்போதும் திரையின் கீழே இடது மூலையில் நான்கு வரி வரும்: பாட்டின் பெயர், பாடியவர் பெயர், தொகுப்பின் பெயர், வெளியிட்ட நிறுவனத்தின் பெயர். நம் சினிமாப் பாட்டு நிகழ்ச்சிகளில் நடிகர் பெயரும் படத்தின் பெயரும் வரும். வயலின் வாசித்தவரையோ தபேலா வாசித்தவரையோ யாரும் எழுதியதில்லை. பாட்டு ஒரு மனிதரின் வேலை, அவருக்குப் பெயர் உண்டு என்பதை அந்த நான்கு வரிகள் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தன. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கமானதே அந்த மூலையைப் பார்த்துத்தான் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

கேரளத்தில் சினிமாவைச் சேராத இசைக்கான நிகழ்ச்சி நன்றாக வேர் பிடித்தது. மாத்ருபூமி குழுமம் 2013-ல் தொடங்கிய கப்பா டிவியில் 'மியூசிக் மோஜோ' என்ற நிகழ்ச்சி வந்தது. தைக்குடம் பிரிட்ஜ் என்ற குழு மக்களிடம் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான். தமிழில் ஏன் அப்படி ஒன்று நிலைக்கவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம் இசைச் சேனல்கள் தொடக்கத்திலிருந்தே சினிமாவின் வாசலில் நின்றவை. படம் வெளியாகும் வாரத்தில் பாட்டும் டிரைலரும் தானாக வந்து சேரும். செலவில்லாமல் நேரம் நிரம்பும். அதற்கு மேல், நேயர் போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சிகள். போன் செய்கிறவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான் கேட்பார். தெரியாத பாட்டை எப்படிக் கேட்க முடியும்? ஆகவே தெரிந்தது மேலும் தெரிந்ததாயிற்று, தெரியாதது அப்படியே கிடந்தது. உங்கள் செயலியில் இயந்திரம் செய்யப்போவதும் இதே வேலைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து நடந்ததை இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தான் சரியாக அறிவார்கள். அனலாக் காலத்தில் நான் அனுப்பிய எல்லாச் சேனல்களும் என் எல்லா இணைப்புகளுக்கும் போயின. தோல் கிடங்கில் வேலை செய்கிறவர் வீட்டுக்கும், டாக்டர் வீட்டுக்கும், பால் சொசைட்டிக்காரர் வீட்டுக்கும் ஒரே வயர், ஒரே வரிசை. விரும்பாதவர் தாண்டிப் போவார். தாண்டுகிற அந்த நொடியில் ஒரு பாட்டு காதில் விழும். செட்டாப் பாக்ஸ் வந்தது. பிறகு 2019-ல் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை வந்தது: வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு நூறு சேனல் கொள்ளளவு, கட்டணச் சேனல்களை அவரவர் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பணம் கட்டவேண்டும். பணம் கட்டுகிறவருக்கே தேர்வுரிமை என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். டிக் அடித்தது ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவர்தான். தொடர், செய்தி, சினிமா, கிரிக்கெட். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பானே தவிர, வாய் திறக்க மாட்டான். இந்திப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் போடும் சேனல்கள் அந்தத் தாளிலேயே விழுந்தன. சேனல் வி இந்தியாவில் அதற்கு முந்தைய ஆண்டே, 2018-ல், மூடப்பட்டிருந்தது. சுயாதீன இசைக்கென்றே 2014-ல் வந்த எம்டிவி இண்டீஸ் நெடுநாள் நீடிக்கவில்லை. 2025 மார்ச்சில் விஎச்1 இசைச் சேனலும் போயிற்று. இணையம் கொன்றது என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்கிறார்கள். 2016-ல் ஜியோ வந்த பின் பிள்ளைகள் போனுக்குப் போனது உண்மை. ஆனால் வீட்டுக்குள் தற்செயலாக நுழையும் வழியை அடைத்தது நம்முடைய தேர்வுத் தாளும்தான், சில பத்தாயிரம் வீடுகளின் மீட்டரை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்பு எழுதும் டிஆர்பி கணக்கும்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். யூடியூபில் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, கானாவும் பறையும் ராக் இசையும் கலந்த அந்தப் பாட்டுகளை நான் கேட்டது போனில்தான். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' கோடிக்கணக்கானவர்களிடம் போனதும் அதே வழியில்தான். தொலைக்காட்சிக்காகக் காத்திருந்தால் அவை வந்திருக்கவே மாட்டா. அதற்காக அந்தப் புதிய வழிக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் நம் வடாற்காட்டின் பம்பையைத் தேடிப் பார். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை முழவு. உடுக்கையும் சிலம்பும் கூட வர, கோயில் வாசலில் அது எழும்பினால் நெஞ்சுக்கூடு அதிரும். நிறையக் காணொளிகள் கிடைக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எந்தக் கோயில் என்ற தகவல் இருக்காது. திருவிழா என்று மட்டும் இருக்கும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் தெருக்கூத்தில் முகவீணை ஊதுகிறவரும், பின்பாட்டு நின்று விடியவிடியப் பாடுகிறவரும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தர்காக்களில் கவ்வாலி பாடுகிறவர்களும் இதே நிலையில்தான். தேடினால் கிடைக்கும் என்பது, தேடத் தெரிந்தவனுக்கு மட்டுமே உதவும் வசதி. அப்படி ஒரு இசை இருக்கிறது என்பதையே அறியாத பிள்ளைக்கு அதை யார் எடுத்து வைப்பார்கள்?

அந்த வேலையைச் செய்திருக்கவேண்டியது பொதுத் தொலைக்காட்சி. 1975-ல் தொடங்கிய தூர்தர்ஷனின் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் கச்சேரிகளையும் நாட்டுப்புறக் கலைகளையும் காட்டியது. உயரமான ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி நாங்கள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டம் மற்றவற்றுக்குக் கூடவில்லை என்பது உண்மை. இருந்தும், விளம்பரத்தை மட்டும் நம்பாத ஒரு நிலையத்துக்குக் கூட்டத்தின் அளவு ஒரு சாக்காக இருக்கக்கூடாது. சினிமா இல்லாமலே நடத்துவோம் என்று 2006-ல் வந்த மக்கள் தொலைக்காட்சியை நான் முன்வரிசைப் பட்டனில் வைத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

ஆகவே, கண்ணு, உன் கூட்டத்தில் நீ பேசும்போது மூன்று விஷயங்களையாவது விட்டுக்கொடுக்காதே. வாரத்தில் ஒரு மணி நேரமாவது, பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு மனிதர் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் எடுத்தேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லட்டும். நேயர் கேட்காத ஒன்றை ஒவ்வொரு முறையும் அதில் வைக்கட்டும். வாசித்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் திரையில் வரட்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று முதல் மாதத்திலேயே கணக்குக் கேட்டால், '120 மினிட்ஸ்' தன் பின்னிரவில் ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பின்தான் அந்த 1991-ஆம் ஆண்டு வந்தது என்று சொல்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நல்ல மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வா. பெங்களூரில் பிருந்தாவனில் ஏறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம். பம்பைக் குழுக்காரர்களிடம் பேசிவைக்கிறேன். பதிவு செய்ய அவர்களுடைய சம்மதமும், கொடுக்கவேண்டிய சம்பளமும் முதலிலேயே பேசி முடிவாக வேண்டும். அதை உன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு வா. ஒவ்வொருவரின் பெயரையும் அவர் சொல்லும் எழுத்திலேயே நான் எழுதிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா