ஓடைச் சரலைக் கிளறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை குறைந்ததும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் காளிகேசம் போன்ற மலை ஓடைகளுக்குக் குளிக்கப் போகிறவர்கள், கல்லைப் புரட்டி அடுக்கி நீரைத் தேக்குகிறார்கள். ஓடையடியில் கிடக்கும் சிறுகல்லான சரலையும் தோண்டிப் பள்ளமாக்குகிறார்கள். நடனத் தவளை வாழும் ஓடையில் இப்படிச் செய்தால் அதன் முட்டையும் குஞ்சும் அழிந்துபோகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இவை. மொத்தம் 24 இனம் என்று தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் 2014இல் கணக்கிட்டார்கள். அவற்றில் 14 அப்போதுதான் அறியப்பட்டவை. கர்நாடகத்தின் கொட்டிகெஹரா இனம் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஹெர்ரெய் என்னும் இனம் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்ட மலையில் வாழ்கிறது. நம் கோதையாற்று மேல்மலையும் அதே அகத்தியமலைத் தொடர்தான்.

பெண் தவளை, ஆழமில்லாத ஓரத்தில் பின்னங்காலால் சரலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். ஹெர்ரெய் தலைப்பிரட்டையும் மணலுக்குள்ளேயேதான் வளர்கிறது என்று 2016இல் தெரியவந்தது: விலாங்குபோல் நீண்ட உடல், தோல் மூடிய கண். கரையில் நின்று பார்ப்பவருக்கு வெறும் மணல்தான் தெரியும். பெரிய கல்லை நகர்த்தினால் அதன் மறைவில் தங்கிய சரலை நீர் அரித்துக்கொண்டு போகும். தேக்கிய இடத்திலோ வண்டல் படிந்து சரலின் இடுக்கு அடைபடும். முட்டைக்கு உயிர்க்காற்று எட்டாது.

தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம்புக்கும் நல்லமிளகுக்கும் அடிக்கும் பூஞ்சைக்கொல்லியான 1 சதவீத போர்டோ கலவையில் 100 லிட்டருக்கு 1 கிலோ துரிசு (செம்பு சல்பேட்) சேர்கிறது. செம்பு கொஞ்சம் கலந்தாலே தலைப்பிரட்டைக்கு நஞ்சு. தண்ணீர் எடுக்க வசதி என்று ஓடைக்கரையில் கலக்காதீர்கள். தண்ணீரைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய்க் கலக்குங்கள். பீப்பாயையும் தெளிப்பானையும் அங்கேயே கழுவி, அந்தத் தண்ணீரையும் செடிக்கே தெளித்துவிடுங்கள்.

வனத்துறை, குளிக்க அனுமதிக்கும் இடங்களில் அடித்தளம் முழுப் பாறையாக உள்ள கயங்களை மட்டும் திறந்துவிட்டு, சரல் படிந்த ஓரங்களை ஐப்பசி முதல் தை வரை கயிறு கட்டித் தடுக்க வேண்டும். ஏற்கெனவே அடுக்கிய கல்வரிசைகளை ஒரேயடியாகத் தட்டிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தேங்கிய வண்டல் மொத்தமும் கீழே இருக்கும் நல்ல சரலில் போய்ப் படியும். நடுவில் ஒரு சாண் அகலம் திறந்து, நீர் வடிந்த பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், குலசேகரம்