நாய்க் கூண்டில் முதலில் பார்க்க வேண்டியது தரையின் வாட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் திரியும் நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொல்லி 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், பழைய காப்பகங்களைச் சீரமைக்கும் பேச்சு இப்போது அடிபடுகிறது. நன்கொடையாளர்கள் பெயிண்டுக்கும் பெயர்ப் பலகைக்கும் தாராளமாகத் தருகிறார்கள். தரையை உடைக்கப் பணம் கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

தரையில் முதல் வேலை வாட்டம், அதாவது தண்ணீர் தானே வடிந்து ஓடும் சரிவு. பத்தடி நீளக் கூண்டுக்கு இரண்டரை அங்குல இறக்கம் வேண்டும். நாய் படுக்கும் பக்கம் மேடு, கால்வாய்ப் பக்கம் பள்ளம். 'வாட்டம் கொடுத்தாச்சுங்க' என்று கொத்தனார் சொன்னாலும், கான்கிரீட் இறுகியதும் ஒரு வாளித் தண்ணீரை மேட்டில் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கினாலும் நாளைக்கு அங்கே நிற்கப்போவது சிறுநீர். மேல்பூச்சுக்கு முன்பே அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்தது கால்வாய். பல இடங்களில் ஆறு கூண்டுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு துவாரம் இருக்கும். முதல் கூண்டுக் குட்டிக்குப் பார்வோ (உயிரைப் பறிக்கும் வைரஸ் கழிச்சல் நோய்) வந்தால், கழுவிவிடும் தண்ணீர் மீதி ஐந்தையும் நனைத்துக்கொண்டுதான் வெளியே போகும். ஒவ்வொரு கூண்டின் தண்ணீரும் நேராக வெளிக் கால்வாயில் விழ வேண்டும். குழாய் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய வலைக்கூடை வைக்காவிட்டால் நாய் முடியே அடைத்துவிடும்.

வெறும் சிமெண்ட் தரை சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு வெயிலேறினால் நாறும். வழவழப்பான டைல்ஸில் கிழட்டு நாய்க்குக் கால் வழுக்கும். எபாக்சி (தண்ணீர் உறிஞ்சாத பிசின்) பூச்சு நல்லது; ஆனால் புதுக் கான்கிரீட் 28 நாளாவது காய வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் வேர்த்திருந்தால் பூசக் கூடாது, கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே பொடி மணல் தூவினால் பிடிமானம் கிடைக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாகப் பூசினால் துடைப்பம் எட்டும்.

கூண்டுகளுக்கிடையே நான்கடி உயரத்துக்காவது முழுச் சுவர் வேண்டும். அதில் மயிரிழை வெடிப்பைக்கூட விடாதீர்கள். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவரேறி, அந்த வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுக்கொண்டே சுவரை விட்டுவைப்பதால்தான் சில காப்பகங்களில் உண்ணி ஒழிவதே இல்லை.

கம்பி விஷயத்தில், பின்னல் வலையை நாய் கடித்து இழுத்துப் பிரித்துவிடும். வெல்டிங் வலை போடுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு துத்தநாக முலாம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். முலாம் பூசிய கம்பியை வெல்டிங் செய்தால் பற்றவைத்த புள்ளியில் துரு முதலில் பிடிக்கும். கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால், தாழ்ப்பாளை நீக்கியதும் நாய் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

எதிரெதிர்க் கூண்டுகளில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும் நாய்கள் குரைத்துக்கொண்டே இருக்கும். தத்தெடுக்க வந்த குடும்பம் அந்தச் சத்தத்தில் எப்படி நிதானமாகப் பார்க்கும்? முன்பக்கக் கம்பியின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். வயது, தடுப்பூசித் தேதி, கருத்தடை ஆனதா என்ற விவரத்தைக் கதவில் எழுதி மாட்டுங்கள்.

பினாயில் வாசனைக்குத்தான், பார்வோ அதற்கு அசையாது. மலத்தை அள்ளி, சோப்புப் போட்டு நன்றாக அலசிய பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) 330 மில்லியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

வேலை நடக்கும்போது எல்லாக் கூண்டையும் ஒரேயடியாக உடைக்க வேண்டாம். ஈரச் சிமெண்டில் நின்றால் நாயின் பாதம் புண்ணாகிவிடும். நான்கு நான்காக எடுத்து, அவை காய்ந்து நாய்கள் திரும்பிய பிறகு அடுத்த நான்கைத் தொடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி