ஆதார் நகலோடு ஈசிஜியும் வேண்டும்

ஐயா,

இந்தியக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒப்பந்தச் சண்டை, கோடிக்கணக்கில் இழப்பீடு என்று விரிவாக எழுதியது சரி. ஆனால் அவருடைய இதயத்துக்கு ஒரே வரிதானா? 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவருக்கு இதயத் தசை தடிக்கும் நோய் இருப்பது 2019இல்தான் தெரியவந்தது. அப்புறம் ஆடத் தடை, அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு, மீண்டும் களம். 2022 ஜூனில் ஹாங்காங்குக்கு எதிராக இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்தார்!

தேசிய அளவுக்கு வந்தவரைப் பரிசோதிக்க ஆள் உண்டு, அவருக்காக வாதாட வக்கீலும் உண்டு. கீழ்மட்டத்தில் ஆடுகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? என் மகனை உள்ளூர் லீக்கில் பதிவு செய்தபோது பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் கேட்டார்கள். உடல்தகுதிச் சான்றிதழில் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்காமல் கையெழுத்துப் போட்டார். மாநிலச் சங்கங்கள் வீரர் பதிவுக்கு ஈசிஜியைக் கட்டாயமாக்கி, அதை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சந்தேகம் இருப்பவர்களுக்கு மட்டும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் போதும்.

– ஒரு வாசகர், திருச்சி