நூறு ரூபாய்ப் பதிவுக்கு நாங்கள் கொடுத்த விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார இணைப்பில் வெளியான சிறுதொழில் கட்டுரையில், வீட்டிலிருந்தபடியே எல்லாச் சான்றிதழ்களையும் வாங்கிவிடக்கூடிய இந்தக் காலத்திலும் பதிவு செய்யாமல் உணவுப் பொருள் விற்பவர்களின் அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல என்று எழுதப்பட்டிருந்தது. போச்சம்பள்ளி அருகே என் மனைவியும் நானும் புளிக்காய்ச்சலும் மாங்காய்த் தொக்கும் செய்து விற்று வருகிறோம். எங்கள் அடுப்படிப் பக்கம் ஒரு முறையும் வராமலே எங்கள் குணத்தைக் கணித்துவிட்ட கட்டுரையாளருக்கு முதற்கண் என் நன்றி.

சட்டத்தின் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆண்டு வணிகம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் வேண்டாம், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லின. விண்ணப்பத்தின் மீது 30 நாட்களுக்குள் எந்த முடிவும் தெரிவிக்கப்படாவிட்டால் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம் என்றுகூட அவற்றில் இருந்தது. குறு, சிறு தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்கோ கட்டணமே கிடையாது. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. ஆனால் அந்த நூறு ரூபாய்ப் பதிவுக்கு முதன்முறை நான் கொடுத்தது 1,500 ரூபாய் என்பதும், இலவசமான உத்யம் பதிவுக்குத் தனியாக 600 ரூபாய் வாங்கப்பட்டது என்பதும் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பணம் போனது பெரிதல்ல. விண்ணப்பித்துக் கொடுத்த கணினி மையத்துக்காரர், கடவுச்சொல் வரும் இடத்தில் என் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணையே பதிந்து வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டும் என்ற நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்குப் போயின. அவரோ கடையைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குப் போயிருந்தார். பதிவின் காலம் முடிந்துபோனதை ஆய்வுக்கு வந்தவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள், விண்ணப்பித்தோம், புதிய 14 இலக்க எண் வந்தது. பழைய எண் அச்சிட்ட கவர்கள் மூட்டையாக வீட்டில் கிடந்தன, ஏனெனில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தாலொழிய அச்சகத்தார் கவர் அடித்துத் தர மாட்டார்கள். பழைய எண்ணின் மேல் புது எண்ணை ஸ்டிக்கராக ஒட்டிக் கொண்டுபோனோம். கடைக்காரர் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “எதை மறைக்கிறீங்க?” என்று கேட்டார். என் மனைவி அன்றோடு கடைகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய அங்காடியில் பதிவு போதாது, உரிமம் வேண்டும், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும், ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு தானே நேரடியாக யாருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை என்பதையும், எங்களைப் போன்றவர்கள் அதைப் பெற்றாக வேண்டும் என்று எந்த உணவுச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும் அங்கே யாரிடம் விளக்குவது? எங்கள் சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் சான்றிதழ் அனுப்புவதாகப் பேரம் பேசிய ஒருவர் மட்டும் மிகுந்த மரியாதையோடு பேசினார். குடிநீர் அறிக்கையைப் பற்றி என்ன சொல்ல? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தண்ணீரைத் தருவது அரசு. அது நல்ல தண்ணீர் என்று காசு கொடுத்து நிரூபிக்க வேண்டியவன் நான்!

2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைப் பிரித்தபோது, இனி அலுவலகங்கள் பக்கத்திலேயே வந்துவிடும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அலுவலகங்கள் வந்தன, கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லும் ஆள்தான் வரவில்லை. குறு உணவு நிறுவனங்களுக்கு 35 விழுக்காடு மானியம் தரவென 2020-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் நம் மாவட்டத்துக்குரிய பொருள் மாங்காய்தான் என்று கேள்விப்பட்டு வங்கிக்குப் போனபோது, மின் இணைப்பு மறைந்த என் தந்தையார் பெயரில் இருப்பதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மாங்கனிக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் அதிகாரிகள் மாம்பழத்தைக் கையில் ஏந்திய படத்தைத் தாங்களும் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அது பற்றி முன்பு நான் எழுதிய கடிதம் இடப் பற்றாக்குறையால் விடுபட்டிருக்கும் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் மாதம் ஒரு நாள் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஒரு மேசை போட்டு, விண்ணப்பதாரரின் சொந்தக் கைப்பேசி எண்ணிலேயே பதிவு செய்து கொடுத்தால் போதும். தாங்களும் அடுத்த இணைப்பில், எந்தச் சான்றிதழுக்கு அரசு வாங்கும் கட்டணம் எவ்வளவு, எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்பதை, அரைப் பக்க விளம்பரத்துக்கு இடையூறு இல்லாத ஒரு மூலையிலாவது, தமிழில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.