சின்ன வண்டிக்கு மாறிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டூ-சீட்டரைக் கொடுத்துவிட்டு ஹேட்ச்பேக் வாங்கியது நல்ல முடிவு என்று ஆளாளுக்கு உன்னிடம் சொல்லியிருப்பார்கள். முடிவு நல்லது என்பது உனக்கே தெரியும். குழந்தை வரப்போகும் வீட்டுக்குப் பின்சீட் இல்லாத வண்டி எப்படிப் போதும்? உன் வருத்தம் அதைப் பற்றியது இல்லை. "இப்பல்லாம் வண்டி ஓட்டற மாதிரியே இல்லம்மா, சும்மா போய்ட்டு வர்ற மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னாயே, அதுதான் உன் வருத்தம். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். ஓட்டுவதில் உனக்கு இருந்த ஆசை என்னிடமிருந்து வந்தது. அது உன்னை விட்டுப் போவதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வண்டியில் இருந்த சில விஷயங்கள் இதில் கிடைக்காது. தரையை ஒட்டி உட்கார்ந்து போகும் அந்த உணர்வு வராது. விரல் அசைவில் விழும் கியர் வராது. வளைவை விட்டு வெளியே வரும்போது பின்சக்கரங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்குமே, அதுவும் வராது. இதற்கெல்லாம் வருத்தப்படலாம், தப்பே இல்லை. வெறும் இரும்புக்கு என்ன துக்கம் என்று கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. ஆனால் புது வண்டியில் ஏறும்போதெல்லாம் பழைய வண்டியைத் தேடினால், இதில் இருப்பது கண்ணில் படாமலே போய்விடும்.

நீ சொன்ன 'மந்தம்' பாதிக்கு மேல் வண்டியின் அமைப்பால் வருவது. பழையதில் திருப்புவது முன்சக்கரங்களின் வேலை, தள்ளுவது பின்சக்கரங்களின் வேலை. இதில் இரண்டுமே முன்சக்கரங்களின் தலையில். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருப்பதால், ஆள் ஏறாத வண்டியின் எடையில் சுமார் 60 சதவீதம் அந்த இரண்டு டயர்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டயரின் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. வளைவில் அந்தப் பிடிப்பு முழுவதையும் திருப்புவதற்கே செலவழித்துவிட்டு, கூடவே ஆக்சிலரேட்டரையும் மிதித்தால், இரண்டு கையிலும் குடம் சுமப்பவரிடம் மூன்றாவது குடத்தை நீட்டுகிற மாதிரிதான். முன்பக்கம் வளைவுக்கு வெளியே நழுவும். உடனே கை ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கப் பார்க்கும். ஒடிக்காதே. காலை மெதுவாகத் தளர்த்து, பிடிப்பு திரும்பியதும் வண்டி தானாகவே உள்ளே வரும். ஆனால் வளைவின் நடுவில் காலைச் சட்டென்று எடுத்துவிடவும் கூடாது. எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும், வால் வீசப் பார்க்கும். அந்த நேரத்தில் ஈஎஸ்சி, அதாவது வண்டி நழுவும்போது தானாகவே சக்கரங்களுக்குப் பிரேக் போட்டு நிலைப்படுத்தும் கருவி, கைகொடுக்கும்தான். அது வேலை செய்ய வேண்டிய நிலைமையே வராமல் ஓட்டுவதுதான் உன் கெட்டிக்காரத்தனம்.

ஆக, பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடு. நிதானமாகத் திருப்பு. வெளியேறும் வழி தெரிந்து, ஸ்டீயரிங்கை நேராக்கத் தொடங்கும்போது அந்த அளவுக்கு ஆக்சிலரேட்டரைக் கூட்டு. பழைய வண்டியில் வளைவு முடியும் இடத்தில் சந்தோஷம் இருந்தது. இதில் வளைவுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் பிரேக், எந்த வேகத்தில் நுழைவது என்று கணக்காகப் போட்டு, அது அப்படியே அமைந்து, வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல் போகும் பார், அப்போது உனக்கே புரியும்.

வண்டி சாய்கிறது என்றும் பயந்தாய். உயரமான வண்டி, மெத்தென்ற ஸ்பிரிங், அதனால் சாயத்தான் செய்யும். சாய்வது வேறு, வழுக்குவது வேறு. பழையதில் உடம்பு அசைவதற்குள் வண்டி திரும்பிவிடும். இதில் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, நிலைகொண்டு, பிறகு திரும்புகிறது. அந்தக் கால் நொடியை அதற்குக் கொடு. வெடுக்கென்று திருப்பினால்தான் கப்பல் மாதிரி ஆடும்.

சீட்டையும் ஒருமுறை சரிபார். பழைய பழக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். இதில் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து, முட்டி மடங்கி உட்கார வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். உயரமாக உட்காருவதில் ஒரு லாபம் இருக்கிறது. முன்னால் போகிற வண்டியைத் தாண்டி அடுத்த வண்டியின் பிரேக் விளக்கும் தெரியும். கீழே உட்கார்ந்து ஓட்டிய காலத்தில் இது உனக்குக் கிடைத்ததே இல்லை.

இப்போது இன்ஜின். சிக்னலில் நிற்கும்போது லேசாக நடுங்குகிறது என்றாயே, அது கோளாறு இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எரியும். உன்னுடைய மூன்று சிலிண்டரில் அந்த இடைவெளி 240 டிகிரி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு சுற்று. மெதுவாக ஓடும்போது அந்த இடைவெளி உடம்புக்குத் தெரிகிறது. வேகம் கூடினால் மறைந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத சின்ன இன்ஜின் வேறு, முழு இழுவை நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டித்தான் வரும். 2,000 சுற்றில் மிதித்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டால் அது என்ன செய்யும்? கியரைக் குறை. சத்தம் போடட்டும். இன்ஜின் சூடேறியபின் மேல் சுற்றுகளுக்குப் போவதால் அதற்கு ஒன்றும் ஆகாது, அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்ததில் முக்கியமானது. பழைய வண்டியில் இரண்டாவது கியரை முழுக்க இழுத்தாலே பல சாலைகளில் சட்டம் விதித்த வேகத்தை எட்டிவிடுவாய். அந்த வண்டியின் பலத்தில் பாதியைக்கூட நீ தினசரி சாலையில் தொட்டதில்லை, தொட்டிருக்கவும் கூடாது. இந்த வண்டியில் உள்ளதையெல்லாம் பயன்படுத்தலாம். மூன்றாவது கியரில் அது பாடுகிற அளவுக்கு இழுத்தும் நீ சட்டத்துக்குள்தான் இருப்பாய். வேகம் மெல்லச் சேருவதால், சேர்த்த வேகத்தை வீணாக்காமல் காப்பாற்றுவது ஒரு கலையாகிறது. தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருக்கிறதா? முன்னாலேயே காலை எடுத்து, நிற்காமல் பச்சையில் சேருகிற மாதிரி போ. மேடு வருகிறதா? மூச்சு வாங்கிய பிறகு கியர் மாற்றாதே, ஏறுவதற்கு முன்பே மாற்று. கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சுற்றைச் சமன் செய்து கிளட்சை விடுவாயே, அந்தப் பழக்கத்தை விடாதே. பலம் நிறைந்த வண்டியில் அது அழகுக்காகச் செய்தது. இதில் அதற்கு அர்த்தமே கூடிவிட்டது.

முந்துவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் கண் இன்னும் பழைய வண்டியின் கணக்கில்தான் இடைவெளியை அளக்கும். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. முந்தி முடிக்க உனக்கு முன்பைவிட 5 நொடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள். அதற்குள் அது 110 மீட்டர் நெருங்கிவிடும், நீ முன்னே போகிற தூரம் தனி. வண்டி நிறைய ஆள் இருந்தால் இன்னும் மோசம். வெளியே எடுப்பதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள். பாதியில் கியர் தேடாதே. சந்தேகம் வந்தால் பின்னாலேயே இரு. இதில் மட்டும் உன் திறமையை நம்பாதே, கணக்கை நம்பு.

சின்ன வண்டி என்றால் இளப்பம் என்று உனக்குள் எங்கோ ஓர் எண்ணம் இருந்தால், மினி என்ற பிரிட்டிஷ் காரை நினைத்துப் பார். 1956-ல் சூயஸ் கால்வாய் பிரச்சினையில் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகு, சிக்கனமான ஒரு வண்டி வேண்டும் என்று கார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டார்கள். அவர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார், சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். 1959-ல் வந்த அந்த வண்டியின் நீளம் 3 மீட்டருக்குச் சற்று மேல், இன்ஜின் 848 சிசி. அதன் தரைப்பரப்பில் சுமார் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும். குடும்பம் போய்வரச் செய்த வண்டி அது. பந்தயக் கார் செய்துகொண்டிருந்த ஜான் கூப்பர்தான் அதற்குள் ஒரு பந்தய வண்டி இருப்பதைக் கண்டுகொண்டார். 1964-ல் பேடி ஹாப்கிர்க் ஓட்டி, மான்டே கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தில் மினி ஜெயித்தது. 1965-லும் 1967-லும் மறுபடி. பனியும் வளைவும் நிறைந்த மலைப்பாதையில் எடை குறைவும், முன்சக்கரங்களின் மேலேயே இன்ஜின் இருந்ததும் அதற்குப் பெரிய துணை. உன் வண்டியின் இன்ஜினும் அதே மாதிரி குறுக்கே திரும்பித்தான் இருக்கிறது, பானெட்டைத் திறந்து பார். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ-யும் அப்படித்தான். வீட்டு உபயோகத்துக்கான ஹேட்ச்பேக்கில் 110 குதிரைத்திறன் கொண்ட 1.6 லிட்டர் இன்ஜினை வைத்து, 5,000 விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்தைத் தாண்டி விற்றது.

அதற்காக உன் வண்டியை ஜிடிஐ ஆக்கக் கிளம்பிவிடாதே. பெரிய அலாய் வீலும் தாழ்த்துகிற ஸ்பிரிங்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம். சக்கரம் பெரிதானால் பெரும்பாலும் கனமும் கூடும், டயரின் பக்கச்சுவர் மெலியும். பள்ளத்தில் விழுகிற ஒவ்வோர் அடியும் நேரே உள்ளே வரும். பச்சைக்குழந்தை இருக்கப்போகிற வண்டி அது. கை அரித்தால் கம்பெனி சொன்ன அதே அளவில் நல்ல டயர் நான்கு வாங்கிப் போடு. பிரேக், ஸ்டீயரிங், மழை எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும்.

டயரில் காற்று எவ்வளவு என்பதற்குக் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள், ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்திருக்கும்போது ஒன்று. டூ-சீட்டர் ஓட்டியவர்கள் இந்த இரண்டாவது அளவைக் கவனிப்பதே இல்லை. பின்சீட்டை மடக்கிச் சாமான் ஏற்றினால் கனமானதைக் கீழே, முன்சீட்டின் முதுகை ஒட்டி வைத்துக் கட்டு. அப்புறம், பின்கண்ணாடியில் வைப்பர் எதற்கு என்று கேட்டாய். வண்டியின் பின்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி நேராக முடிவதால், ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் வீசும் சேற்றையும் தூசியையும் கண்ணாடிக்கு இழுக்கும். மழையில் அதைப் போட மறக்காதே.

குழந்தை சீட்டைப் பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கிற மாதிரி பொருத்துங்கள். ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய குழந்தை சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தைக் குழந்தையின் தலை தாங்காது.

குழந்தை வருவதற்கு முன்பே ஒன்றைப் பழகிக்கொள். வண்டி நிற்கப்போகிற கடைசிக் கணத்தில் பிரேக்கை ஒரு நூலளவு தளர்த்தினால், பக்கத்தில் இருப்பவரின் தலை முன்னால் போய்ப் பின்னால் விழாது. செய்து பார்க்கச் சுலபமாகத் தோன்றும், ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்வது கஷ்டம். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டி எப்போது நின்றது என்றே அவருக்குத் தெரியாமல் நிறுத்திப் பார். அந்த டூ-சீட்டரை நன்றாக ஓட்டியவள் நீ. இதையும் உன்னைப் போல யாரும் ஓட்ட மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

அடுத்த மாதம் நான் வரும்போது என்னை அழைத்துப்போக நீயே வண்டியை எடுத்துக்கொண்டு வா. வரும் வழியில் பாதி தூரம் நான் ஓட்டுகிறேன், முட்டி வலி இப்போது தேவலை. குழந்தை சீட்டை முன்னாலேயே வாங்கி வைத்திரு. குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி சரியாக விழுகிறதா, சீட் ஆடாமல் நிற்கிறதா என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா