கதை பெரிது, கார்ட்ரிட்ஜ் சிறிது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்கள் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஒரு கேம் குறிப்பிட்ட ஒரு கன்சோலுக்கு, அதாவது கேம் ஆடுவதற்கென்றே உள்ள கருவிக்கு, மட்டும் வெளியாவதற்குக் கன்சோல் நிறுவனம் கொடுக்கும் பணமே காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆர்பிஜி எனப்படும் ரோல் பிளேயிங் கேம்களை, அதாவது நாமே ஒரு கதைமாந்தராகி நாற்பது ஐம்பது மணி நேரம் கதைக்குள் உலவும் விளையாட்டுகளை, அந்த வரிக்குள் அடக்கிவிட முடியாது. இவற்றைச் சிறுவயது முதல் ஆடியும் இவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தும் வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எனிக்ஸ் நிறுவனத்தின் ‘டிராகன் குவெஸ்ட்’ 1986 மே மாதம் ஜப்பானில் வெளியானபோது, ஆர்பிஜி என்பது பெரும்பாலும் கணினி வைத்திருப்பவர்களின் விளையாட்டாகவே இருந்தது. அதை உருவாக்கிய யூஜி ஹோரி, விசைப்பலகையே இல்லாத, கணினியைவிட எளிய கருவியான நிண்டெண்டோவின் ஃபேமிகாமைத் தேர்ந்தெடுத்தார். சிறுவர்கள் இருந்த வீடுகளில் அதுதான் இருந்தது. அந்தத் தேர்வுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஊர்கள், குகைகள், அரக்கர்கள், இசை, உரையாடல் என முழு கேமும் கருவியில் செருகும் சிறு பெட்டியான, 64 கிலோபைட் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியாக வேண்டும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. ஜப்பானிய எழுத்து வகைகளுள் ஒன்றான கட்டகானாவின் எழுத்துகள் அனைத்துக்கும் இடம் போதாமல், சுமார் 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே பெயர் சூட்டினார்கள். நம் 247 எழுத்துகளில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை வைத்து ஒரு காப்பியம் பாடு என்று ஒரு புலவரிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தைச் சேமிக்கவும் கார்ட்ரிட்ஜில் வழி கிடையாது. திரையில் தோன்றும் 20 எழுத்துக் கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் பிழையின்றித் திரும்பப் பதிய வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் முந்தைய நாளின் பயணம் போயிற்று. 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் சேமிப்புக்கு பேட்டரி வந்தது. ஆனால் கதை பெருத்துவிட்டதால் தொடக்கத் திரையின் இசையையும் படத்தையும் நீக்கி, கறுப்புப் பின்னணியில் பெயரை மட்டும் காட்டினார்கள்.

இந்த இட நெருக்கடியை மனத்தில் கொண்டால்தான் 1996இல் நடந்தது புரியும். ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆறாம் பாகம் வரை நிண்டெண்டோவின் கன்சோல்களில்தான் வெளிவந்தது. 1994இல் வந்த ஆறாம் பாகம் 3 மெகாபைட். அடுத்த கன்சோலான நிண்டெண்டோ 64க்கும் கார்ட்ரிட்ஜையே வைத்துக்கொள்வது என்று நிண்டெண்டோ முடிவு செய்தது. கார்ட்ரிட்ஜில் காத்திருப்பு நேரம் குறைவு என்பதால் அது அறியாமையால் எடுத்த முடிவன்று. ஆனால் அந்தக் கன்சோலின் காலம் முடியும்வரை எந்தக் கார்ட்ரிட்ஜும் 64 மெகாபைட்டைத் தாண்டவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் பயன்படுத்திய சிடி ஒன்றிலோ சுமார் 650 மெகாபைட் கொள்ளும். ஏழாம் பாகத்தை முப்பரிமாணத்தில், திரைப்படம் போன்ற காட்சிகளுடன் எடுக்கத் திட்டமிட்டிருந்த, அத்தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியின் குழு எந்தப் பக்கம் போயிருக்கும்? 1996 ஜனவரியில் ஸ்கொயர் பிளேஸ்டேஷனுக்கு மாறுவதாக அறிவித்தது. 1997 ஜனவரி 31 அன்று அந்த கேம் மூன்று சிடிகளில் வெளியானது.

இடத்தோடு செலவும் சேர்ந்துகொண்டது. கார்ட்ரிட்ஜ்களுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் கேம் நிறுவனத்தின் தலையில் விழும். சிடியை மலிவாக அச்சிடலாம், தேவைக்கேற்ப விரைவாக மீண்டும் அச்சிடலாம். ஆறாம் பாகத்தின் விலை 11,400 யென். ஏழாம் பாகத்தின் விலை 6,800 யென். பள்ளி மாணவன் ஒருவனுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் அந்த கேமை வெளியிட்டு, விளம்பரத்துக்குப் பெருந்தொகை செலவழித்தது சோனிதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் அந்தக் கதையை அதே வடிவில் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்திருக்க முடியாது.

என் சித்தப்பா மகன் வீட்டில் அந்த கேமை ஆடியபோது, முதல் டிஸ்க் முடிந்து, இரண்டாவதைப் போடச் சொல்லித் திரை கேட்ட தருணம் இன்னும் நினைவில் இருக்கிறது. கதைமாந்தர்களில் ஒருத்தியான ஏரித் இறந்துபோன துயரம் நெஞ்சை விட்டு அகலும் முன்பே, கன்சோலின் மூடியைத் திறந்து, சூடாக இருந்த டிஸ்க்கை விளிம்பில் பிடித்து எடுத்து, அடுத்ததை வைத்து மூடினோம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

டிராகன் குவெஸ்ட்டும் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்கு வருவதாக அறிவித்தது. எனினும் அத்தொடர் பின்னர் சென்ற வழியைப் பார்த்தால், அது கருவியின் ஆற்றலைவிடக் கூட்டத்தையே பின்தொடர்ந்தது தெரியும். எட்டாம் பாகம் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. அதைவிட ஆற்றல் மிக்க கன்சோல்கள் கடைகளில் இருந்தும், ஒன்பதாம் பாகம் 2009இல் உள்ளங்கையில் அடங்கும் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வெளியானது. பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஜப்பானில் பையைத் திறந்தால் டிஎஸ் இருந்த காலம் அது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டோக்கியோவின் மின்னணுக் கடைப் பகுதியான அகிஹபாராவில் கடந்து சென்றாலே புதையல் வரைபடங்கள் தாமாகக் கைமாறின. அந்நாட்டில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த கேமின் இந்த அனுபவத்தை, வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு கட்டிப்போடப்பட்ட எந்தக் கன்சோலும் தந்திருக்காது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற ஆர்பிஜி. பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் இதை 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. சோனி பணம் கொடுத்துத் தடுத்துவிட்டது என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. உண்மைக் காரணம் மெமரி, அதாவது கேம் இயங்கும்போது கருவி பயன்படுத்தும் நினைவகம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிகாபைட் மெமரி உண்டு. விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸில் இருப்பது 10 மட்டுமே. இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது அப்போது மைக்ரோசாஃப்ட்டின் விதி. திரையைப் பிரித்து இருவர் சேர்ந்து ஆடும் வசதியைச் சிறிய கன்சோலில் இயங்கவைக்க முடியாமல் குழு திணறியது. கடைசியில் மைக்ரோசாஃப்ட் விதியைத் தளர்த்திய பிறகே கேம் வெளிவந்தது. அந்த வசதி சீரிஸ் எஸ்ஸுக்குக் கிடைக்க 2025 ஏப்ரல் ஆயிற்று.

பணம் பேசுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 16ஆம் பாகம் 2023இல் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்தது. ஆனால் இனி எல்லாக் கன்சோல்களுக்கும் கேம்களைக் கொண்டு செல்லவே முயல்வோம் என்று, ஸ்கொயரும் எனிக்ஸும் இணைந்து உருவான ஸ்கொயர் எனிக்ஸ் 2024 மே மாதம் அறிவித்தது. உருவாக்கச் செலவு இவ்வளவு ஏறிவிட்ட காலத்தில், ஒரே கன்சோலின் வாடிக்கையாளர்களை மட்டும் நம்பியிருப்பது பெரிய ஆர்பிஜி எதற்கும் கடினம் என்றே நான் கருதுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு கன்சோல் வாங்குவதென்றால் மாதக்கணக்கில் சேமித்து, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய கேம்கள் பற்றி எழுதும்போது, அவை எந்தெந்தக் கன்சோலில் வருகின்றன, எதில் எந்த வசதி இல்லை, ஏன் இல்லை என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி